மூன்று ஜஹானாராக்கள்

பம்மலில் கிரில் பட்டறை வைத்திருக்கும் உமருக்கு மலேசியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் கருத்தரங்க அழைப்புகள் வரும். 'மதிப்பிற்குரிய டாக்டர் உமர் அவர்களே, நிலத்தடி நீரில் கலந்திருக்கும் குரோமியம் பற்றிய தங்கள் ஆய்வுகளைக் கண்டு வியந்தோம்' என்று அவை தொடங்கும். வந்து சேர்வதென்னவோ அவர் மனைவி ஜஹானாராவின் மின்னஞ்சலுக்குத்தான். காலையில் தோசை வார்த்தபடியே ஜஹானாரா அதை வாசித்துக் காட்டுவார்.

"அன்னிக்கு டாக்டர் உமருக்கு அனகாபுத்தூர்ல ஒரு கேட் மாட்ற வேல கீது, வர முடியாதுன்னு எழுதிடு" என்பார் உமர். பத்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். பட்டறையில் வெல்டிங் அடிக்கும் பையன்களிடம், "மரியாதயா பேசுங்கடா, துருக்கில நம்மள தெரியாத ஆளே கெடையாது" என்று பீற்றிக்கொள்வதும் உண்டு.

ஆய்வு ஜஹானாராவுடையது. தாம்பரம் மேற்கில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் இணைப் பேராசிரியர். தோல் ஆலைக் கழிவு இறங்கிய பம்மல் கிணறுகளின் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, வடிகட்டி, அளந்து, எழுதியே தலைமுடி நரைத்தவர். வயது ஐம்பத்து மூன்று. ஊர் பெயர் தெரியாதவர்கள்கூட அவருடைய கட்டுரைகளை எடுத்துக் காட்டி எழுதியிருக்கிறார்கள். பெயர் மட்டும் கணவருக்குப் போய்விட்டது.

இதில் உமரின் குற்றம் எதுவும் இல்லை. நம் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம், அதோடு சரி. முகைதீனின் மகளாக இருந்தவரை அவர் எம். ஜஹானாரா. ஆராய்ச்சி மாணவியாக எழுதிய கட்டுரைகளில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. நிக்காஹ் முடிந்ததும் ரேஷன் கார்டில் மாறியது போலவே கட்டுரையிலும் இனிஷியல் மாறியது. யு. ஜஹானாரா ஆனார். பிறகு வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் இணையத்தில் அனுப்பச் சொன்னபோது, கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே நகரவே விடவில்லை. வேறு வழியில்லாமல் 'உமர்' என்று போட்டார். அன்று பிறந்தவர் ஜஹானாரா உமர். கட்டுரைகளை எண்ணிக் கணக்கு வைக்கும் கணினிக்கு என்ன தெரியும், பாவம். மூன்று பெண்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டது.

இத்தனை வருடம் அது ஒரு வீட்டு வேடிக்கையாகத்தான் இருந்தது. இந்த ஜனவரியில் வேடிக்கை போய்விட்டது.

முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டுகிறவர்கள் தங்கள் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஹெச்-இண்டெக்ஸ் பன்னிரண்டாவது இருக்க வேண்டும் என்று கல்லூரியின் ஆய்வுக் குழு சொல்லிவிட்டது. ஹெச்-இண்டெக்ஸ் என்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஒருவர் எழுதியதில் பன்னிரண்டு கட்டுரைகளையாவது, ஒவ்வொன்றையும் பன்னிரண்டு தடவையாவது, பிறர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய எண் பன்னிரண்டு. மூன்று ஜஹானாராக்களையும் சேர்த்தால் பதினாறு வரும். ஜஹானாரா உமர் மட்டும் தனியாக நின்றால் ஒன்பது.

எண் குறைந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம் என்றால், நடுவில் விஷ்ணுப்ரியா இருந்தாள். மாடம்பாக்கத்திலிருந்து தினமும் வருகிற ஆராய்ச்சி மாணவி. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நாலு வருடமாகக் கிணற்றுத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவள். ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம்தான் பாக்கி. ஜூனுக்குள் அங்கீகாரம் புதுப்பிக்கப்படாவிட்டால் அவளைத் துறைத் தலைவருக்கு மாற்றிவிடுவார்கள். அவருடைய ஆராய்ச்சி பெயின்ட் பற்றியது. "நம்ம லைனுக்கு வந்துடும்மா, கிணறெல்லாம் போதும்" என்று அவர் இப்போதே அவளிடம் சொல்லி வைத்திருந்தார். நாலு வருட வேலையைக் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அப்படி ஆச்சுன்னா நான் விட்டுடுவேன் மேம். வீட்ல இன்னொரு நாலு வருஷம் ஒத்துக்க மாட்டாங்க" என்றாள் விஷ்ணுப்ரியா. அழாமல் சொன்னாள்.

ஜஹானாரா தன் பட்டச் சான்றிதழைக் கொண்டுபோய்க் குழுவிடம் காட்டினார். எம். ஜஹானாரா என்ற பெயர் அதில் இருந்தது. குழு மசியவில்லை. வங்கதேசத்தில் மீன் குட்டைகளைப் பற்றி எழுதுகிற ஓர் எம். ஜஹானாரா இருக்கிறாராம். எந்தக் கட்டுரை எவருடையது என்று யார் சொல்வது? கூட எழுதியவர்கள் யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஏற்கலாம் என்றார்கள். மீன் குட்டைக்கும் பம்மல் கிணற்றுக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்க ஜஹானாராவுக்கு நாக்கு துடித்தது.

நூலகத்தில் ஆய்வுக் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிற சம்பத் உதவிக்கு வந்தார். பொழிச்சலூர்க்காரர், பொறுமைசாலி. மூன்று பெயர்களிலும் உள்ள கட்டுரைகளைத் திரட்டி, யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள், யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று கணினியில் ஒரு படமாகப் போட்டார். ஆளுக்கு ஒரு வட்டம். சேர்ந்து எழுதியவர்களுக்கு நடுவே ஒரு கோடு. மேற்கோள் காட்டியிருந்தால், காட்டியவரிடமிருந்து காட்டப்பட்டவருக்கு ஓர் அம்புக்குறி.

"பழைய பேப்பர்ல உங்ககூட இருக்கறது ரெண்டே பேரு மேடம். ஒருத்தர் உங்க கைடு."

"அவர் போய்ச் சேர்ந்துட்டாரு."

"அப்ப டெபோரான்னு ஒருத்தங்கதான். இவங்க யாரு மேடம்? ரொம்ப வேண்டியவங்களா?"

சம்பத் திரையைப் பெரிதாக்கினார். "இத பாருங்க. 2001க்கு அப்புறம் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எதுவும் எழுதல. ஆனா அவங்க எழுதின ஒவ்வொரு பேப்பர்லயும் உங்களை மேற்கோள் காட்டி சைட் பண்ணியிருக்காங்க. எம்., யு., உமர், மூணையும். மூணும் ஒரே ஆளுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியல, இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஜஹானாரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டெபோரா என்ற வட்டத்திலிருந்து கிளம்பிய அம்புகள் பிரிந்து மூன்று ஜஹானாராக்களையும் தொட்டன.

"ஆனா இங்கேருந்து அங்க ஒண்ணுகூடப் போகல மேடம். நான்தான் எதையாவது விட்டுட்டனோன்னு ரெண்டு தடவ பாத்தேன்."

"நீங்க விடல சம்பத்" என்றார் ஜஹானாரா.

டெபோரா ஆய்வகத்தில் அவருக்கு ஐந்து வயது மூத்தவர். சில வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். ஜஹானாரா அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வெயிலில் கிணறு கிணறாக இருவரும் சேர்ந்து அலைந்தார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். நிக்காஹ் முடிந்து வந்த வாரம், அனுப்பத் தயாராக இருந்த கட்டுரையில் ஜஹானாரா இனிஷியலை மாற்றினார். "பழைய எழுத்தே இருக்கட்டும்டி. உன்னைத் தேடுறவங்க எங்க போய்த் தேடுவாங்க?" என்றார் டெபோரா. புதுப்பெண்ணுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் பெயரைப் போடுவதில் இவருக்கு என்ன வந்தது என்று தோன்றியது. "கல்யாணம் ஆகாதவங்களுக்கு இதெல்லாம் புரியாதுக்கா" என்றார்.

டெபோராவுக்குப் பார்த்த இரண்டு வரன்களும் தட்டிப்போயிருந்த வருடம் அது. ஜஹானாராவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

பிறகு பேச்சு இல்லை. அந்தக் கட்டுரை யார் பெயரிலும் வரவில்லை. டெபோரா தாம்பரம் கிழக்கில் ஒரு கல்லூரிக்குப் போனார். ஜஹானாரா இந்தக் கல்லூரிக்கு வந்தார். இடையில் ஒரு ரயில்பாதை, அவ்வளவுதான் தூரம்.

இருவர் பாதையும் வேறு என்று சொல்லவும் முடியாது. டெபோரா ஆற்றங்கரை மண்ணை எடுத்துக்கொண்டார், இவர் கிணற்று நீரோடு இருந்தார். ஆனால் கலங்கல் தண்ணீரிலிருந்து குரோமியத்தைப் பிரிக்க டெபோரா கண்டுபிடித்த எளிய வழியைத்தான் ஜஹானாராவும் பின்பற்றினார். அதைவிட நல்ல வழி கிடையாது. அதைச் சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம், டெபோராவைப் பார்த்து அதே வழியைக் கையாண்ட ஒரு துருக்கிக்காரரின் பெயரைப் போட்டுவிடுவார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. மூல ஆளின் பெயரை எழுதக் கை வரவில்லை. முதல் தடவை கோபத்தில் விட்டார். அப்புறம் முதல் தடவை விட்டதாலேயே விட்டார்.

மறுநாள் காலை உமரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"இன்னா பண்றது, எல்லாம் எம் பேரால வந்த பேஜாரு" என்றார் உமர். "நான் வேணா வந்து பேசட்டா? துருக்கில மதிக்கறாங்க, தாம்பரத்துல மதிக்க மாட்டாங்களா?"

"நீங்க சும்மா இருங்க."

"சும்மாதான் கீறேன். நீ போய் மொதல்ல அவங்கள பாரு. கையெழுத்து போடறாங்களோ இல்லியோ, போய் நில்லு."

சனிக்கிழமை ஜஹானாரா மதியத் தொழுகையை முடித்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் தாம்பரம் வந்து, சுரங்கப்பாதை வழியாகக் கிழக்குப் பக்கம் போய், அங்கிருந்து சேலையூரில் டெபோராவின் வீட்டுக்குப் பஸ் பிடித்தார். போன் செய்து சொல்லியிருந்ததால் டெபோரா கேட்டைத் திறந்தே வைத்திருந்தார். கண்ணாடி தடித்திருந்தது. கொஞ்சம் குனிந்து நடந்தார்.

"வாங்க மேடம். உட்காருங்க."

வாங்க என்றார். மேடம் என்றார். கதவைச் சாத்தி வெளியே நிறுத்தியிருந்தால்கூட ஜஹானாராவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

காபி வந்தது. ஜஹானாரா விஷயத்தைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் டெபோரா மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். போனில் கேட்டதை வைத்து முன்கூட்டியே அச்சடித்துக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். எம். ஜஹானாரா, யு. ஜஹானாரா, ஜஹானாரா உமர் ஆகிய மூவரும் ஒருவரே, அவருடன் பணியாற்றிய நான் இதை உறுதி செய்கிறேன் என்று இருந்தது. கீழே சேர்ந்து எழுதிய கட்டுரைகளின் பெயர்கள். ஒன்று குறையவில்லை.

"சரியா இருக்குங்களா? வேற ஏதாவது சேர்க்கணுமா?"

"இல்லக்கா. போதும்."

"பொண்ணு நல்லபடியா முடிக்கட்டும்."

அந்தக் கடிதம் திங்கட்கிழமையே குழுவில் ஏறியது, சம்பத் மூன்று வட்டங்களையும் ஒன்றாக்கினார், விஷ்ணுப்ரியா ஜஹானாராவிடமே இருந்து ஆய்வேட்டை முடித்தாள். அந்தக் கதையை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். வந்த காரியம் நடந்துவிட்டது. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஜஹானாரா எழுந்து போயிருக்கலாம். டெபோராவும் அவர் எழுந்து போவார் என்றுதான் நினைத்தார், காபி டம்ளர்களை எடுக்கக் கை நீட்டினார்.

ஜஹானாரா எழுந்திருக்கவில்லை. "என்னை எதுக்குக்கா சைட் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"உங்க வேலை சரியா இருந்துது. சொல்லாம எப்படி இருக்கறது?" டெபோரா டம்ளர்களைத் திரும்ப வைத்தார். "உங்களுக்காகப் பண்ணல. சொல்லலைன்னா என் பேப்பர்தான் தப்பாயிருக்கும்."

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"உங்க பேப்பர் வந்தா நான் கடைசிப் பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிப்பேன்" என்றார் டெபோரா. "என் பேர் இருக்கான்னு பாக்கறதுக்கு. துருக்கிக்காரர் பேரு இருக்கும். அவருக்கு அந்த மெத்தட் புரியலன்னு எனக்கு எழுதிக் கேட்டாரு, நான்தான் விளக்கினேன். சரி, அடுத்ததுல போடுவாங்கன்னு நினைப்பேன். அப்புறம் அதையும் பாப்பேன்."

ஜஹானாரா தான் ஒளித்து வைத்ததாக நினைத்திருந்ததை, யாரிடமிருந்து ஒளித்தாரோ அவரே வருடாவருடம் பக்கம் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

"போன வருஷம் எனக்குப் புரொஃபசர் இன்டர்வியூ. நம்பர் கொஞ்சம் குறைஞ்சுது. உங்களைக் குத்தம் சொல்லல, நீங்க போட்டிருந்தாலும் குறைஞ்சிருக்கலாம். இந்த மே மாசம் ரிட்டயர் ஆகறேன். இனிமே அந்தக் கணக்கு எதுக்கும் உதவாது."

மன்னிப்புக் கேட்கத்தான் ஜஹானாரா வாயைத் திறந்தார். அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. "நான் படிச்சேன்க்கா. நீங்க எழுதினதுல ஒண்ணைக்கூட நான் விடல. வந்த அன்னிக்கே படிச்சுடுவேன்."

"படிச்சது எனக்கு எப்படிடி தெரியும்?"

டெபோரா குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். ஜஹானாரா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வயது ஐம்பத்து மூன்று, பின்னால் நிற்க ஆய்வு மாணவர்கள், துருக்கி வரை பேர், எதுவும் அந்த நேரத்தில் துணைக்கு வரவில்லை. அழ வேண்டிய அளவுக்கு அழுது முடிக்கும்வரை டெபோரா சமாதானம் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"படிச்சேன்னியே" என்றார் கடைசியில். "என்ன படிச்ச, சொல்லு."

ஜஹானாரா மூக்கை உறிஞ்சினார். எங்கே தொடங்குவது என்று யோசிக்கவில்லை. "பொழிச்சலூர் ஆத்தங்கரை மண்ணு பத்தின பேப்பர். மூணாவது டேபிள். முதல் ரெண்டு வரிசை மழைக்கு முன்னாடி எடுத்தது, மீதி மழை விட்டு ஒரு வாரத்துல எடுத்தது. ரெண்டையும் ஒண்ணா வச்சு ஆவரேஜ் போட்டுட்டீங்க. அதனாலதான் முந்தின வருஷங்கள விட குரோமியம் குறைஞ்சுட்டு வருதுன்னு வந்துது. மழை அடிச்சுட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான். குறையவே இல்லக்கா."

டெபோரா எழுந்து உள்ளே போய் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அந்தக் கட்டுரையைத் திறந்து, மூன்றாவது அட்டவணைக்கு வந்து, தேதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. ஒரு தடவை நின்றார். மறுபடி மேலிருந்து கீழாகப் படித்தார்.

அவருடைய கட்டுரைகளிலேயே அதிகம் பேர் எடுத்துக் காட்டியது அது. நாற்பத்தேழு பேர். குறைந்து வருகிறது என்று நாற்பத்தேழு பேரும் அதை நம்பி எழுதியிருந்தார்கள்.

"இத எப்ப பாத்த?"

"வந்த அன்னிக்கே."

"எட்டு வருஷம் ஆச்சுடி" என்றார் டெபோரா. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே திருத்தியிருப்பேனே. இத்தன பேர் தப்பா எழுதினத நீ பாத்துட்டு இருந்தியா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பதவி உயர்வு போனதைக்கூட டெபோரா ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். இதை அப்படி விட அவரால் முடியவில்லை. தன் ரோஷத்துக்கு டெபோராவின் பெயரை மட்டுமே பலி கொடுத்ததாக ஜஹானாரா இதுவரை நினைத்திருந்தார். வேலையையும் சேர்த்துக் கொடுத்திருப்பது இப்போதுதான் உறைத்தது.

"தப்புதான்க்கா" என்றார்.

டெபோரா மடிக்கணினியை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார். "மே மாசத்துக்குள்ள திருத்தம் அனுப்பணும். கிட்ட வந்து உட்காரு. மழைக்கு முன்னாடி எது, அப்புறம் எதுன்னு பிரி."